கட்டமும் கண்ணிவெடியும்

சின்ன வீடியோ விளையாட்டு ஒரே திரைக்குள் அடங்கிவிடும். அதன் விதிகளை ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம். பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் ஓர் ஆட்டம் முடிந்துவிடும். கதை, நாயகன், சண்டைக்காட்சி எதுவும் இதற்குத் தேவையில்லை. டெட்ரிஸ், மைன்ஸ்வீப்பர், சாலிடேர், கேண்டி கிரஷ், 2048, வேர்டில் எல்லாம் இந்த வகையைச் சேர்ந்தவை. பெரிய வீடியோ விளையாட்டுகளைத் தொட்டே பார்க்காதவர்கள்கூட இவற்றில் ஒன்றையாவது ஆடியிருப்பார்கள். ஆனாலும் சினிமாவையோ நாவலையோ எடைபோடுவதுபோல இவற்றை யாரும் எடைபோடுவதில்லை. பொழுதுபோக்குதானே என்று எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டுவிடுகிறார்கள். அது இவற்றில் நல்லவற்றுக்குச் செய்யும் அநியாயம். ஒன்றுக்கொன்று தர வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும் இருக்கிறது. அந்தத் தரத்தைப் பிரித்தறிய ஒரு கேள்வி பெரும்பாலும் போதும். ஆடுபவர் தோற்கும்போது, ஏன் தோற்றோம் என்று அவரால் கண்டுபிடிக்க முடிகிறதா?

இந்தக் கேள்விக்குத் துளியும் தயங்காமல் ஆம் என்று சொல்லும் விளையாட்டு சோகோபான். ஜப்பானியரான ஹிரோயுகி இமாபயாஷி 1981-ல் இதை உருவாக்கினார். அடுத்த ஆண்டு அவருடைய திங்கிங் ராபிட் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஒரு கிடங்கு, அதில் ஒரு தொழிலாளி, சில பெட்டிகள். தரையில் குறித்திருக்கும் இடங்களில் பெட்டிகளைக் கொண்டுசேர்க்க வேண்டும். பெட்டியைத் தள்ளலாம், இழுக்க முடியாது. ஒரு நேரத்தில் ஒரு பெட்டியைத்தான் தள்ள முடியும். விதி இவ்வளவுதான். மூலையில் போய் மாட்டிய பெட்டி மறுபடி வெளியே வராது. சுவரோடு ஒட்டிய பெட்டியை அந்தச் சுவர் நெடுகத்தான் நகர்த்த முடியும். அந்தச் சுவரோரம் குறியிட்ட இடம் இல்லையென்றால் அந்தப் பெட்டியும் போனதுதான். சுவரோரமாகப் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இரண்டு பெட்டிகள் ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளும். இவற்றையெல்லாம் விளையாட்டு சொல்லித்தருவதில்லை. ஆடுபவர் ஒவ்வொரு முறை மாட்டிக்கொள்ளும்போதும் ஒன்றைத் தானாகவே கற்றுக்கொள்கிறார். சோகோபானில் அதிர்ஷ்டத்துக்கு இடமே இல்லை, எதுவும் மறைந்திருப்பதும் இல்லை. ஆனால் பொதுவாக எந்தப் புதிரைக் கொடுத்தாலும் தீர்ப்பது கணினிகளுக்கே மிகக் கடினமான கணக்குகளில் ஒன்று என்பதை 1997-ல் ஜோசப் கல்பர்சன் நிறுவிக் காட்டினார்.

இதிலும் ஒரு குறை உண்டு. ஐந்தாவது நகர்த்தலில் செய்த பிழை ஐம்பதாவது நகர்த்தலில்தான் தெரியவரும். பழைய பதிப்புகளில் அப்போது முதலிலிருந்து தொடங்குவதைத் தவிர வழியில்லை. பின்னால் வந்த பதிப்புகள், செய்த நகர்த்தலைத் திரும்பப் பெறும் அன்டூ வசதியைத் தாராளமாகக் கொடுத்தன. புதிர் விளையாட்டுகளுக்கு வாய்த்த மேம்பாடுகளிலேயே மதிப்புமிக்கது அதுதான் என்று சொல்லலாம். பிழையைத் தண்டிக்காமல் திரும்பிப் பார்க்க விடுகிறது.

டெட்ரிஸில் அன்டூவுக்கு இடமில்லை. மாஸ்கோவில் சோவியத் அறிவியல் கழகத்தின் கணினி மையத்தில் வேலைபார்த்த அலெக்ஸி பஜித்னோவ் 1984-ல் இதை எழுதினார். அவர் பயன்படுத்திய எலெக்ட்ரோனிகா 60 கணினியில் படம் வரையும் வசதி கிடையாது; அடைப்புக்குறிகளை அடுக்கித்தான் துண்டுகளைக் காட்டினார். நான்கு சதுரங்களை ஒட்டிச் செய்யக்கூடிய ஏழு வடிவங்கள், அகலத்தில் பத்துக் கட்டமும் உயரத்தில் இருபது கட்டமும் கொண்ட கிணறு, மேலிருந்து விழும் துண்டுகள். ஒரு வரிசை இடைவெளியின்றி நிறைந்தால் மறைந்துவிடும். வாதிம் கெராசிமோவ் என்ற மாணவர் இதை ஐபிஎம் கணினிக்கு மாற்றிக் கொடுத்தபின் பிளாப்பியிலிருந்து பிளாப்பிக்குக் காப்பியடித்தே ஊர் ஊராகப் பரவியது. 1989-ல் நின்டெண்டோ தன் கையடக்கக் கருவியான கேம் பாயுடன் அமெரிக்காவில் இதைச் சேர்த்தே விற்றது. உலகம் முழுக்கத் தெரிந்த பெயரானது அப்போதுதான். பஜித்னோவுக்கு இதன் வருமானம் ஒழுங்காகக் கைக்கு வரத் தொடங்கியது 1996-க்குப் பிறகுதான்.

டெட்ரிஸின் அழகு, சரியாகச் செய்தது மறைந்துபோவதும் தவறாகச் செய்தது திரையிலேயே நிற்பதும். அவசரத்தில் மூடிய ஓர் ஓட்டையைத் திறக்க அதன் மேலுள்ள வரிசைகளை ஒவ்வொன்றாக அழிக்க வேண்டும். தோல்விக்குக் காரணம் எது என்று தேட வேண்டியதில்லை, கண்முன்னே குவிந்து கிடக்கும். ஆனால் பழைய டெட்ரிஸ்களில் அடுத்து என்ன துண்டு வரும் என்பது கிட்டத்தட்டக் குருட்டு அதிர்ஷ்டம். நீண்ட துண்டுக்காக ஒரு பக்கம் ஓடை வெட்டி வைத்துக் காத்திருப்பவருக்கு அது வராமலே போகலாம். இடமும் வலமுமாக மடிந்த அந்த இரண்டு துண்டுகள் மட்டும் மாறி மாறி வந்துகொண்டே இருந்தால் எப்பேர்ப்பட்ட ஆட்டக்காரரும் ஒருநாள் தோற்றே ஆக வேண்டும் என்பதற்குக் கணிதச் சான்றும் உண்டு. பின்னாள் டெட்ரிஸ்கள் இதற்கு எளிய பரிகாரம் கண்டன. ஏழு வடிவங்களையும் ஒரு பையில் போட்டுக் குலுக்கி ஒவ்வொன்றாக எடுப்பதுபோல் வரிசை அமைத்தார்கள். ஏழும் தீர்ந்த பிறகே அடுத்த குலுக்கல். எனவே எந்தத் துண்டும் நெடுநேரம் வராமல் இருக்காது. பழைய முறைதான் பரபரப்பானது என்று சொல்லும் ஆட்டக்காரர்கள் இருக்கிறார்கள். நியாயம் என்று பார்த்தால் புதிய முறையே மேல்.

2023 டிசம்பரில் 13 வயது அமெரிக்கச் சிறுவன் ஒருவன் நின்டெண்டோவின் பழைய டெட்ரிஸை 157-வது லெவல் வரை ஆடி, கணக்குக்கு ஈடுகொடுக்க முடியாமல் விளையாட்டே உறைந்து நிற்கும் நிலைக்குக் கொண்டுபோனான். அதுவரை எந்த மனிதரும் எட்டாத இடம் அது.

கணினி வாங்கிய வீட்டிலும் அலுவலகத்திலும் பிரவுசிங் சென்டரிலும் டெட்ரிஸைவிடப் பழகிய முகங்கள் விண்டோஸ் விளையாட்டுகள். சாலிடேரை எழுதியவர் வெஸ் செர்ரி. மைக்ரோசாஃப்டில் பயிற்சி ஊழியராக இருந்தபோது எழுதினார். 1990-ல் விண்டோஸ் 3.0-வுடன் வெளிவந்தது. அதற்காக அவருக்குத் தனியாகப் பணம் எதுவும் கிடைக்கவில்லை. சீட்டுகளை வரைந்தவர் சூசன் கேர். ஆப்பிள் மேக்கின்டாஷின் சின்னச் சின்னப் படங்களை வரைந்து புகழ்பெற்றவர். மவுஸைப் பிடித்து இழுத்துப் போடும் பழக்கம் பலருக்கு இந்தச் சீட்டுகளால்தான் வந்தது. ஆனால் ஒரு புதிராகப் பார்த்தால் சாலிடேர் பாதிக் கிணறுதான். பல சீட்டுகள் கவிழ்ந்து கிடக்கின்றன. எல்லாச் சீட்டும் தெரிந்தால்கூட நூற்றுக்குச் சுமார் 82 ஆட்டங்களைத்தான் வெல்ல முடியும் என்று கணினி ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தெரியாமல் ஆடும் மனிதர் வெல்வது அதைவிடக் குறைவு. தோற்றவரால், தவறியது தானா சீட்டு சரியில்லையா என்று சொல்ல முடியாது. களைத்த மூளைக்கு இளைப்பாறல், அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது.

அதன் பக்கத்திலேயே இருந்தும் குறைவாகவே ஆடப்பட்ட ஃப்ரீசெல் வேறு தரம். பால் ஆல்ஃபில் 1978-ல் பிளாட்டோ என்ற பல்கலைக்கழகக் கணினி வலைப்பின்னலுக்காக எழுதியதை, ஜிம் ஹார்ன் விண்டோஸுக்குக் கொண்டுவந்தார். இதில் 52 சீட்டுகளும் தொடக்கத்திலேயே முகம் காட்டிக் கிடக்கின்றன. சீட்டுகளைத் தற்காலிகமாக நிறுத்திவைக்க நான்கு காலி இடங்கள். அவற்றை எவ்வளவு சிக்கனமாகச் செலவழிக்கிறோம் என்பதுதான் ஆட்டமே. நான்கும் காலியாக இருந்தால் ஐந்து சீட்டுள்ள வரிசையை ஒரே மூச்சில் நகர்த்தலாம். கூடவே ஒரு பத்தியும் காலியாக இருந்தால் பத்துச் சீட்டை நகர்த்தலாம். இந்தக் கணக்கு பிடிபட்ட நாளில் ஆட்டம் திறந்துகொள்கிறது.

விண்டோஸ் ஃப்ரீசெல்லில் 32,000 ஆட்டங்கள் எண்ணிட்டு இருந்தன. 1990-களின் நடுவில் தன்னார்வலர்கள் பலர் இணையம் வழியே கூடி, ஆளுக்குச் சில நூறு ஆட்டங்களாகப் பங்குபோட்டு எல்லாவற்றையும் ஆடிப்பார்த்தார்கள். ஒன்றே ஒன்றை மட்டும் எவராலும் தீர்க்க முடியவில்லை. அதன் எண் 11982. அதற்குத் தீர்வே இல்லை என்பதைப் பிற்பாடு கணினி நிரல்கள் உறுதிசெய்தன. மற்ற 31,999-லும் தோல்வி என்றால் அது ஆடியவரின் தோல்விதான். சின்ன விளையாட்டுகளில் இவ்வளவு உத்தரவாதம் கொடுப்பவை மிகக் குறைவு.

மைன்ஸ்வீப்பர் சாலிடேருக்கும் ஃப்ரீசெல்லுக்கும் நடுவே நிற்கிறது. அதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ராபர்ட் டோனரும் கர்ட் ஜான்சனும் எழுதியது. 1990-ல் மைக்ரோசாஃப்டின் விளையாட்டுத் தொகுப்பொன்றில் வந்து, 1992-ல் விண்டோஸ் 3.1-இல் இடம்பிடித்தது. இருப்பதில் பெரிய களத்தில் அகலம் 30 கட்டம், உயரம் 16 கட்டம். மொத்தம் 480 கட்டங்கள், அவற்றில் 99 கண்ணிவெடிகள். ஒரு கட்டத்தைத் திறக்கும்போது வெடி இருந்தால் ஆட்டம் முடிந்தது. இல்லையென்றால், அதைச் சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களில் எத்தனை வெடி என்று ஓர் எண் வரும். முதல் கிளிக்கில் வெடி வெடிக்காது; அங்கே இருந்தால் கணினியே அதை வேறிடத்துக்கு மாற்றிவிடும். இதெல்லாம் தெரியாமல் கண்டபடி கிளிக் செய்து, இது வெறும் அதிர்ஷ்ட விளையாட்டு என்று முடிவுகட்டியவர்கள் ஏராளம். உண்மையில் இது எண்களை வைத்து வாதாடும் ஆட்டம்.

ஓர் உதாரணம். திறந்த கட்டங்களின் வரிசை ஒன்றில் 1, 2, 1 என்று மூன்று எண்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. அவற்றுக்கு மேல் வரிசை மட்டும் மூடியிருக்கிறது. நடுவிலுள்ள 2-க்கு நேர் மேலே வெடி இருப்பதாக வைத்துக்கொள்வோம். கணக்குச் சரியாக இன்னொரு வெடி வேண்டும். அது இடப்பக்க 1-க்கு மேலேயோ வலப்பக்க 1-க்கு மேலேயோதான் இருக்க முடியும். இடப்பக்கம் இருந்தால், அந்த 1-ஐ இரண்டு வெடிகள் தொட்டுக்கொண்டிருக்கும். அப்போது அது 1 என்று காட்டாது. வலப்பக்கம் என்றாலும் இதே முரண்தான். ஆகவே 2-க்கு மேலே வெடி இல்லை. இரண்டு 1-களுக்கும் நேர் மேலே ஒவ்வொரு வெடி இருக்கிறது. அந்த 1-களின் கணக்கு இதோடு தீர்ந்துவிடுவதால், இரு ஓரங்களுக்கும் அப்பால் உள்ள கட்டங்களையும் அச்சமின்றித் திறக்கலாம். இந்த ஒரு வாதத்தைத் தானாகவே கண்டுபிடிப்பவருக்கு அன்றைக்கு மைன்ஸ்வீப்பர் புதிய விளையாட்டாகிவிடுகிறது. பழகியவர்கள் இதை யோசிப்பதுகூட இல்லை, கை தானாகப் போகும். இதே வகை வாதங்களைக் கோத்து எவ்வளவு சிக்கலான கணக்கையும் மைன்ஸ்வீப்பர் களமாக அமைத்துவிடலாம். கணினி அறிவியலில் கடினமானவை என்று பேர்பெற்ற ஒரு பெருங்குடும்பத்தோடு இதையும் சேர்த்து 2000-ல் ரிச்சர்ட் கே வெளியிட்ட சான்று அதைத்தான் காட்டுகிறது.

வருத்தம் என்னவென்றால், இவ்வளவு வாதத்துக்கும் பிறகு கடைசி மூலையில் இரண்டு கட்டங்கள் மிச்சமிருக்கும்; வெடி எதில் என்று எந்த எண்ணும் சொல்லாது. பூவா தலையா போட்டுப் பார்க்க வேண்டியதுதான். பெரிய களத்தில் இது அடிக்கடி நடக்கும். நூறு சரியான முடிவுகளை எடுத்தவரைக் கடைசியில் அதிர்ஷ்டத்திடம் அனுப்புவது அந்த விளையாட்டின் பெரிய பிழை. இதைத் திருத்த முடியும் என்று காட்டியவர் பிரிட்டிஷ் நிரலாளர் சைமன் டேதம். புட்டி என்ற மென்பொருளை எழுதியவர் என்று கணினித் துறையினர் அறிவார்கள். அவருடைய இலவசப் புதிர்த் தொகுப்பில் உள்ள கண்ணிவெடி விளையாட்டு, முதல் கிளிக் விழுந்த பிறகே களத்தை அமைக்கிறது. அமைத்ததைத் தானே தர்க்கத்தால் தீர்த்துப் பார்த்து, ஊகம் இல்லாமல் முடிகிற களமாகத்தான் கொடுக்கிறது. அதில் வெடித்தால்கூட அன்டூ செய்து தொடரலாம். எத்தனை முறை வெடித்தது என்று கீழே ஒரு கணக்கு மட்டும் நிற்கும்.

அனிச்சையை நம்பும் விளையாட்டுகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1997-ல் டனேலி அர்மான்டோ நோக்கியா 6110-க்காக எழுதிய பாம்பு விளையாட்டு, பின்னாள் நோக்கியா 1100 வழியே இந்தியாவின் மூலைமுடுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது. தின்னத் தின்ன வாலே எதிரியாகும் அந்த ஏற்பாட்டில் ஏமாற்று எதுவும் இல்லை. வியட்நாமின் டோங் நுயென் 2013-ல் வெளியிட்ட ஃப்ளாப்பி பேர்டும் ஈவிரக்கமற்றதானாலும் நேர்மையானது. 2014 தொடக்கத்தில் உலகமே ஆடிக்கொண்டிருந்தபோது அவரே அதைக் கடைகளிலிருந்து எடுத்துவிட்டார். மக்கள் அதிலேயே மூழ்கிப்போகிறார்கள் என்பது அவர் சொன்ன காரணம். வருமானம் கொட்டிக்கொண்டிருந்த நேரத்தில் எடுத்த அந்த முடிவு மரியாதைக்குரியது.

மூன்றை ஒன்றாகச் சேர்க்கும் விளையாட்டுகளில்தான் கேள்வி சிக்கலாகிறது. இதன் தொடக்கம் 1994-ல் ரஷ்யரான யூஜின் அலெம்ஜின் எழுதிய ஷாரிகி. பாப்கேப் நிறுவனம் 2001-ல் பிஜுவெல்டு என்ற பெயரில் ரத்தினக் கற்களாக்கி இதைப் பிரபலமாக்கியது. பக்கத்திலிருக்கும் இரண்டு கற்களை இடம்மாற்றி, ஒரே நிறத்தில் மூன்றை வரிசையாக்க வேண்டும். அவை மறைய, மேலிருந்து புதியவை விழும். விழுந்தவை தாமாகவே மூன்றாகச் சேர்ந்து மறையும்போது மணியோசையும் புள்ளிகளும் பொழிகின்றன. ஆடியவர் செய்யாத வேலைக்கு அவருக்குப் பாராட்டு கிடைக்கிறது. கேட்க இனிமையாக இருந்தாலும், திறமையையும் தற்செயலையும் ஒன்றாகக் குழப்பிவிடுவது அங்கேதான் தொடங்குகிறது.

கிங் நிறுவனம் 2012-ல் வெளியிட்ட கேண்டி கிரஷ் சாகா இந்தக் குழப்பத்தைத் தொழிலாக்கியது. ஒவ்வொரு லெவலுக்கும் இத்தனை நகர்த்தல் என்று எல்லை. முடிக்காவிட்டால் ஓர் உயிர் போகும். இருப்பது ஐந்து உயிர். போனது திரும்பிவர அரைமணி நேரம். இன்னும் ஒன்றிரண்டு மிட்டாயே மிச்சம் என்ற நிலையில் நகர்த்தல் தீர்ந்தால், தங்கக்கட்டி கொடுத்து இன்னும் ஐந்து நகர்த்தல் வாங்கிக்கொள்ளச் சொல்லும். தங்கக்கட்டி தீர்ந்தால் நிஜப் பணத்துக்கு வாங்கலாம். வரைகலை அருமை, தொட்டால் நகரும் விதம் அவ்வளவு மென்மை. சில லெவல்களின் அமைப்பில் உண்மையான சாமர்த்தியமும் இருக்கிறது. பெரும்பாலோர் காசு கொடுக்காமலேதான் ஆடுகிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் ஒரு லெவலில் தோற்றவர் தன் தவறு எது என்று தேடினால் கிடைக்காது. அடுத்த முறை வேறு மிட்டாய்கள் விழும், ஒருவேளை ஜெயித்துவிடுவார்; இரண்டுக்கும் இடையே அவர் கற்றது எதுவும் இல்லை. லெவலின் கடினத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் நிறுவனத்தின் கையில். தோற்பவரிடம் காசு கேட்டு நிற்கும் விளையாட்டு, அவர் எளிதில் தோற்காதபடி தன்னை அமைத்துக்கொள்ளும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. 2016-ல் இந்த நிறுவனத்தை 590 கோடி டாலருக்கு ஆக்டிவிஷன் பிளிஸார்டு வாங்கியது. அதன்பின் வந்த இலவச ஃபோன் விளையாட்டுகளில் மிகப் பல இதே ஏற்பாட்டைத்தான் பின்பற்றுகின்றன.

2014 பிப்ரவரியில் வந்த த்ரீஸ் இதற்கு நேரெதிர் வழியில் போனது. ஆஷர் வோல்மரும் கிரெக் வோல்வெண்டும் ஓராண்டுக்கும் மேல் செதுக்கிய விளையாட்டு. காசு கொடுத்து ஒருமுறை வாங்கினால் போதும். நாலுக்கு நாலு கட்டத்தில் எண் அட்டைகள். ஒன்றும் இரண்டும் சேர்ந்தால் மூன்று. அதற்குமேல் சமமான எண்கள் மட்டும் சேரும், ஆறு, பன்னிரண்டு, இருபத்துநான்கு என்று. ஒரு தள்ளலுக்கு அட்டைகள் ஒரு கட்டம்தான் நகரும். அடுத்து வரப்போகும் அட்டை என்ன வகை என்பதும் முன்கூட்டியே தெரியும். இந்த இரண்டு சின்ன விதிகளால் ஒவ்வொரு தள்ளலையும் திட்டமிட முடிகிறது. அந்த ஆண்டின் சிறந்த ஐஃபோன் விளையாட்டாக ஆப்பிள் இதைத் தேர்ந்தெடுத்தது.

ஆனால் ஊரெங்கும் பரவியது 2048. அடுத்த மாதமே இத்தாலியின் 19 வயது கேப்ரியேலே சிருல்லி ஒரு வார இறுதியில் எழுதி இலவசமாக இணையத்தில் போட்டார். த்ரீஸைத் தழுவி வந்த இன்னொரு விளையாட்டின் வழி வந்தது இது. இதில் எண்கள் சுவர் வரை வழுக்கிக்கொண்டு போகும். புதிதாக வருவது பத்துக்கு ஒன்பது முறை 2, ஒரு முறை 4. மிகப்பெரிய எண்ணை ஒரு மூலையில் நிறுத்தி, கீழே, வலது என்று மாற்றி மாற்றித் தள்ளினாலே கணிசமான தூரம் போய்விடலாம். அந்த வழி தெரிந்தபின் ஆட்டத்தில் பெரிதாக எதுவும் மிஞ்சுவதில்லை. இலவசமாகக் கிடைத்த எளிய விளையாட்டு, காசு கேட்ட ஆழமான விளையாட்டை ஓரங்கட்டியது. அதற்குச் சிருல்லியைக் குறை சொல்ல முடியாது. அவர் விளம்பரத்துக்கோ பணத்துக்கோ அதை எழுதவில்லை, நிரலையும் எல்லாருக்கும் திறந்தே வைத்தார். இருந்தாலும் 2048 பிடித்தவர்கள் த்ரீஸை ஒருமுறை ஆடிப்பார்க்க வேண்டும்.

வேர்டில் வெற்றிபெற்றதற்குக் காரணம் அது மறுத்த விஷயங்கள். நியூயார்க்கின் புரூக்ளினில் வசித்த ஜோஷ் வார்டில், சொல் விளையாட்டுப் பிரியரான தம் துணைவிக்காக எழுதி 2021 அக்டோபரில் பொதுவில் வைத்தார். ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல்லை ஆறு முயற்சிக்குள் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஒன்றுதான், உலகத்துக்கே அதே சொல். அன்று அதில் விளம்பரம் இல்லை, இன்னும் ஆடு என்று நச்சரிக்கும் அறிவிப்பு இல்லை. சுமார் 12,000 ஐந்தெழுத்துச் சொற்களிலிருந்து எல்லாருக்கும் பழகிய சுமார் 2,500 சொற்களை அந்தத் துணைவியே பொறுக்கிக் கொடுத்தார். கேள்விப்படாத சொல்லால் யாரும் தோற்கக் கூடாது என்ற அந்த அக்கறை விளையாட்டின் நியாயத்துக்குப் பாதி காரணம். நவம்பர் முதல் நாள் 90 பேர் ஆடினார்கள். இரண்டு மாதத்தில் அது மூன்று லட்சமானது. 2022 ஜனவரி கடைசியில் நியூயார்க் டைம்ஸ் இதை வாங்கியது.

வேர்டிலிலும் பள்ளம் உண்டு. கடைசி நான்கு எழுத்துகள் சரியான இடத்தில் இருப்பதைக் காட்டும் பச்சையாகி, முதல் எழுத்து மட்டும் தெரியாத நிலையில் ஃபைட், லைட், மைட், நைட், ரைட், சைட், டைட் என்று ஏழெட்டுச் சொற்கள் பொருந்தி நிற்கும். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பவர் முயற்சி தீர்ந்து தோற்பார். விடையாக இருக்க முடியாது என்று தெரிந்தே ஃபிலிம்ஸ் என்ற சொல்லைப் போடுபவர், எஃப், எல், எம், எஸ் ஆகிய நான்கு எழுத்துகளையும் ஒரே முயற்சியில் சோதித்துவிடுகிறார். கடின முறையைத் தேர்ந்தவர்களுக்கு இந்த வழி அடைபட்டிருக்கும். கண்டுபிடித்த எழுத்துகளை மீண்டும் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்பது அந்த முறையின் விதி. அதனால் கடின முறை திறமையைவிட அதிர்ஷ்டத்தையே கூட்டுகிறது. சாதாரண முறைதான் ஆடத் தகுந்தது.

சோகோபான் போட்ட பாதையில் மிகத் தொலைவு போனது, பின்லாந்தின் அர்வி டெய்காரி 2019-ல் வெளியிட்ட பாபா இஸ் யூ. இங்கே தள்ளப்படும் பெட்டிகளில் விதிகளே எழுதியிருக்கின்றன. பாபா, இஸ், யூ என்ற மூன்று சொற்பெட்டிகள் ஒரே வரிசையில் இருப்பதால்தான் பாபா என்ற வெள்ளைப் பிராணி ஆடுபவரின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. வால், இஸ், ஸ்டாப் என்ற வரிசை சுவரைச் சுவராக்குகிறது. அதில் ஒரு பெட்டியைத் தட்டிவிட்டால் சுவருக்குள் புகுந்து நடக்கலாம். வால், இஸ், யூ என்று மாற்றி அடுக்கினால் அறையின் சுவர்கள் எல்லாமே ஆடுபவராகி ஒன்றாக நகரும். பாபாவின் வரிசையையே கலைத்துவிட்டால் நகர்த்த யாரும் இல்லாமல் திரை அப்படியே நிற்கும். அன்டூ ஒன்றே வழி, அதுவும் எத்தனை முறை வேண்டுமானாலும். இருநூறுக்கும் மேற்பட்ட லெவல்களில் பிற்பகுதி மிகக் கடினம், பலர் பாதியிலேயே நிறுத்திவிடுவார்கள். நிறுத்தினாலும் நஷ்டமில்லை. தீர்வு கிடைத்த ஒவ்வொரு லெவலிலும், அது முதலிலிருந்தே கண்ணெதிரில்தான் இருந்தது என்பது புரிந்துவிடும்.

புதிதாக இந்தப் பக்கம் வருபவர்கள் செலவில்லாமல் தொடங்க ஏற்றது, மேலே சொன்ன சைமன் டேதமின் தொகுப்புதான். எண் புதிர், வலைப்பின்னல் புதிர், தர்க்கப் புதிர் என்று நாற்பதளவு விளையாட்டுகள் அதில் இருக்கின்றன. விண்டோஸிலும் லினக்ஸிலும் ஆண்ட்ராய்டு ஃபோனிலும் இயங்கும். எதையும் இறக்காமல் பிரவுசரிலும் ஆடலாம். வேண்டிய அளவைச் சொன்னால் ஒவ்வொரு முறையும் புதுப் புதிரை உருவாக்கிக் கொடுக்கும். விளம்பரம் கிடையாது, உயிர் என்ற எண்ணிக்கை கிடையாது, எங்கேயும் பணம் கேட்காது. தோற்றம் மட்டும் மிகச் சாதாரணமாக இருக்கும்.